தோளுறை: மறைக்கவா, காட்டவா?

இணைய விற்பனைத் தளங்களில் கைத்துப்பாக்கிக்கான தோளுறையைத் தேடிப் பாருங்கள். வந்து விழும் படங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. இறுக்கமான வெள்ளைச் சட்டை, அதன்மேல் இரு தோள்களையும் சுற்றிய கறுப்புத் தோல்பட்டிகள், இடது அக்குளின் கீழ் ஒரு ரிவால்வர். மேலே கோட்டு இல்லை. முகத்தில் ஒரு விறைப்பு. அந்தப் படத்தில் இருப்பவர் அதே கோலத்தில் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினால், முறையான உரிமம் பெற்றவராகவே இருந்தாலும் இந்தியச் சட்டத்தை மீறியவர் ஆவார். ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்தக் கூடாதோ அப்படியே படம்பிடித்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அந்தப் படத்தைத்தான் வாங்குகிறார்கள்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஆயுத விதிகளின் 32ஆம் விதி தெளிவாகவே பேசுகிறது. பொதுவிடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர், அதற்கென்றே செய்யப்பட்ட உறையில் அதை இட்டு உடலோடு பிணைத்திருக்க வேண்டும். அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். எதில் வைத்தாலும் துப்பாக்கி முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் அதன்மேல் திறம்பட்ட கட்டுப்பாடு செலுத்த வல்லவராக இருக்க வேண்டும். திருமணம், பொதுக்கூட்டம், சந்தை, சமய ஊர்வலம் போன்றவற்றில் துப்பாக்கியை வீசிக் காட்டுவதும் சுடுவதும் கூடாது. மூடியிருத்தல், கட்டுப்பாட்டில் இருத்தல் என்னும் இந்த இரண்டையும் உரைகல்லாகக் கொண்டுதான் இங்கே தோளுறையைப் பேசப்போகிறேன். துப்பாக்கி உரிமமே வேண்டுமா என்பது வேறொரு விவாதம். அதில் எனக்கு உறுதியான கருத்துண்டு. ஆனால் உரிமம் பெற்றுவிட்ட ஒருவர் எந்த உறையை வாங்குகிறார் என்பது, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும், உரிமமும் உறையும் இல்லாத மனிதரின் உயிரைப் பற்றிய கேள்வி. அது என் கருத்துக்காகக் காத்திருக்காது.

மொழியியல் படித்தவர்களின் கண்ணில் படக்கூடிய ஒரு செய்தி. இந்த 32ஆம் விதியின் முதன்மையான வாசகம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவோடு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது. முதுகுப்பை என்ற சொல்கூட அங்கிருந்து அப்படியே கப்பலேறி வந்திருக்கிறது. ஆனால் திருமண வீட்டில் துப்பாக்கியை வீசிக் காட்டக் கூடாது என்ற தடை தென்னாப்பிரிக்க வாசகத்தில் இல்லை. அது நம் சொந்தச் சரக்கு. ஒரு நாடு கடன் வாங்கிய விதியில் எதைச் சேர்த்தது என்று பார்த்தாலே அந்த நாட்டின் நோய் தெரிந்துவிடும்.

சொல்லைப் பற்றியும் இரண்டு வரி. ஆங்கிலேயர் ஹோல்ஸ்டர் என்ற சொல்லை டச்சு மொழியிலிருந்து பெற்றார்கள். பழைய ஆங்கிலத்தில் இருள், மறைவிடம் என்னும் பொருளில் வழங்கிய ஒரு சொல்லோடு அதற்கு உறவுண்டு என்று சொற்பிறப்பியலார் கருதுகிறார்கள். மூடுதல், மறைத்தல் என்பதே வேர்ப்பொருள். தமிழில் உறை. வாளுக்கும் உறை, தலையணைக்கும் உறை, கடிதத்துக்கும் உறை. உறைவிடம் என்பதிலுள்ள உறையோடு இதை முடிச்சுப் போட்டுவிட ஆசையாக இருக்கிறது. ஒலியொப்பைக் கண்டு வேர் காண்பது எங்கள் துறையில் பிழைப்பைக் கெடுக்கும் பழக்கம் என்பதால் விட்டுவிடுகிறேன். இருமொழியிலும் உறை மூடுவதற்கானது என்பது மட்டும் போதும். வாளைக் காட்ட விரும்பியவன் உறை கழித்தான். உறையோடேயே காட்டும் கலையை நம் காலத்து ஆட்கள்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பேச்சுவழக்குகளில் களப்பணி செய்கிறேன். அங்கே நான் தங்கும் வீடுகளில் துப்பாக்கி ஓர் அன்றாடப் பேச்சு. ஆயுதத்துக்கு அங்கு வழங்கும் சொல் அஸ்லஹா. அரபியில் பன்மையான அதை அங்கே ஒருமையாக ஆள்கிறார்கள். ஒற்றைத் துப்பாக்கியும் அஸ்லஹாதான். நாட்டுத் துப்பாக்கி கட்டா. உரிமம் உள்ளது லைசென்சி. இவை எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்கும் சொல் பௌகால். செல்வாக்கு, மிடுக்கு, ஊரை மிரளவைக்கும் தோரணை ஆகிய மூன்றையும் கலந்தால் வருவது அது. தமிழில் கெத்து என்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே உரிமம் பெற்ற ஒரு பெரியவர், அமெரிக்கத் தோளுறைகளைப் பற்றிய ஆங்கில மதிப்புரைகளை இந்தியில் படித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். படித்துச் சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப் படிக்க, இவை வேறொரு நாட்டின் கேள்விக்கு எழுதப்பட்ட விடைகள் என்பது உறுதியாயிற்று. கார் ஓட்டும் மக்கள், குளிர்ந்த அறைகள், கோட்டுப் போடும் பழக்கம், ஆளுக்கு ஆள் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்கும் வரிசைகள். இவற்றில் எதுவும் முசாபர்நகர்ச் சந்தையில் இல்லை.

தோளுறை பிறந்த காரணத்தை நினைவில் கொள்வது நல்லது. அது உட்கார்ந்திருக்கும் மனிதனின் உறை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளுக்கும் டாங்கிப் படையினருக்கும் எம்3, எம்7 என்ற தோளுறைகள் வழங்கப்பட்டன. குறுகிய இருக்கையில் அமர்ந்தவனுக்கு இடுப்பில் உள்ள துப்பாக்கி எட்டாது, இருக்கையிலும் கம்பியிலும் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதை மார்புக்கு ஏற்றினார்கள். நியாயமான காரணம். அதன்பிறகு இந்த உறையை வளர்த்தெடுத்தது போர்க்களத்தைக் காட்டிலும் திரை. 1968இல் வெளிவந்த புல்லிட் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் அணிந்த தோளுறை, சான் பிரான்சிஸ்கோக் காவல்துறையின் துப்பறிவாளர் ஒருவர் அணிந்ததைப் பார்த்து அமைத்தது. 1984இல் தொடங்கிய மயாமி வைஸ் தொலைக்காட்சித் தொடரில் டான் ஜான்சன் கிடைமட்டத் தோளுறையை அணிந்து வந்தபின், அந்த வடிவமே ஒரு மோஸ்தராயிற்று. மயாமியும் வெயில் ஊர்தான். ஆனால் படப்பிடிப்பில் கோட்டைக் கழற்றிவிட்டுச் சந்தைக்குப் போகவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கற்பனையுலகின் புகழ்பெற்ற தோளுறையின் கதை இன்னும் வேடிக்கையானது. இயான் ஃபிளெமிங் 1958இல் வெளியிட்ட டாக்டர் நோ நாவலில் ஜேம்ஸ் பாண்டுக்கு வால்தர் பிபிகே பிஸ்டலையும் பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையையும் கொடுத்தார். அந்த உறை ரிவால்வருக்கானது. அதைப் பரிந்துரைத்த ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கி அறிஞர் ரிவால்வரோடு சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். ஃபிளெமிங் இரண்டையும் கலந்துவிட்டார். உலகமே பார்த்துப் பொறாமைப்பட்ட உறை, அதற்குள் இருந்த துப்பாக்கிக்குப் பொருந்தாத உறை.

இனி, வாங்கும் இடத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் தோளுறைகள் பெரும்பாலும் இருவகை. ஒன்று கிடைமட்டம்: துப்பாக்கி அக்குளின் கீழ் படுத்திருக்கும், பிடி முன்னோக்கியும் குழல்வாய் பின்னோக்கியும் இருக்கும். மற்றது செங்குத்து: குழல்வாய் தரையை நோக்கித் தொங்கும். குழலை மேல்நோக்கி வைக்கும் தலைகீழ் வகை ஒன்றுண்டு. அது அருகிவிட்டது, விட்டுவிடலாம். விளம்பரங்களில் வருவது எப்போதும் கிடைமட்டம். எடுப்பது விரைவு, பார்க்க அழகு, உடலோடு ஒட்டி மறைந்திருக்கும் என்பார்கள்.

கிடைமட்டத் தோளுறையைக் கூட்டத்தில் புழங்கும் எவரும் வாங்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. குண்டு நிரப்பிய ஒரு துப்பாக்கி, அதை அணிந்தவர் நடக்கும் நேரமெல்லாம், அவருக்குப் பின்னால் வருபவரின் மார்பையோ ஒரு குழந்தையின் தலையையோ குறிபார்த்துக்கொண்டிருக்கிறது. அணிந்தவருக்கு அது தெரிவதில்லை. அவருக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் நிற்பவருக்கும் தெரிவதில்லை, கோட்டு மறைக்கிறது. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே என்பது ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் ஒன்று. உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் அதை அரிச்சுவடியாகச் சொல்லித் தருகிறார்கள். அதே பயிற்சியாளர்களில் சிலர் கிடைமட்டத் தோளுறைக்கு மட்டும் விலக்களிக்கிறார்கள்: உறைக்குள் இருக்கும் துப்பாக்கி தானாக வெடிக்காது, விசை மூடியிருக்கிறது, ஆகவே அது குறிபார்ப்பதாகக் கொள்ளக் கூடாது என்கிறார்கள்.

இந்த வாதத்தில் பாதி உண்மை. நல்ல உறையில் அசையாமல் இருக்கும் துப்பாக்கி வெடிப்பது அரிது. ஆபத்து அதை உறையிலிருந்து எடுக்கும்போதும் உறைக்குள் திரும்ப வைக்கும்போதும்தான் இருக்கிறது. அந்த இரு நொடிகளில் தோளுறை செய்யும் வேலையைப் பாருங்கள். இடுப்புறையில் குழல்வாய் தரையிலிருந்து நேராக முன்னோக்கி எழுகிறது. கிடைமட்டத் தோளுறையில் அது பின்புறத்தில் தொடங்கி, இடப்பக்கம் முழுவதையும் வருடிக்கொண்டு, அணிந்தவரின் சொந்த இடது மேற்கையைக் கடந்து, அரைவட்டம் சுற்றி முன்னுக்கு வருகிறது. அதனால்தான் எடுக்கும்போது இடது முழங்கையை உயர்த்தித் தோளுக்கு மேல் கொண்டுபோகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேற்கையின் உட்புறத்தில் பெரிய தமனி ஓடுகிறது. அக்கையைக் காப்பாற்றிவிடலாம். பக்கத்தில் பால் வாங்க நிற்பவரை எந்த முழங்கை உயர்த்திக் காப்பாற்றும்? தற்காப்புத் துப்பாக்கிப் போட்டிகளை நடத்தும் ஐடிபிஏ அமைப்பு தன் போட்டிகளில் தோளுறைக்கு இடம் தருவதில்லை. பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வையாளர் அருகில் நிற்கும் களத்திலேயே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றை, வருடத்துக்கொரு முறைகூடச் சுட்டுப் பழகாத ஒருவர் வங்கி வாசலில் அணிந்து நிற்கிறார்.

திரும்ப வைப்பது இதைவிட மோசம். கிடைமட்ட உறையின் வாய் மார்புப் பக்கம் இருக்கிறது. துப்பாக்கியைப் பின்னோக்கித் திருப்பி அக்குளுக்குள் செருக வேண்டும். கோட்டின் மடிப்போ சட்டைத் துணியோ விசையில் சிக்கினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கழற்றித் தனியே வைத்து, பாதுகாப்பான திசையில் குழலைத் திருப்பி உறையிலிட்டபின் அணிவதுதான் ஒழுங்கு. யார் செய்கிறார்கள்?

செங்குத்து வகைக்கும் குறையுண்டு. எடுப்பது சற்று மெதுவாகும். நீளமான குழல் என்றால் இடுப்பெலும்பில் இடிக்கும். மாடி வீட்டில் குழல் காட்டுவது கீழ்வீட்டுக்காரரின் கூரையை. ஆனாலும் தரையை நோக்கிய குழலும் மனிதரை நோக்கிய குழலும் ஒன்றாகா. இந்தியாவில் பொதுமக்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் .32 ரிவால்வர் குட்டையானது, பெரும் சுமையும் இல்லை. செங்குத்து உறை அதற்குத் தாராளமாகப் போதும். வேகம் போய்விடும் என்று அங்கலாய்ப்பவர்கள், தங்கள் வாழ்நாளில் எத்தனை முறை ஒரு நொடிக்குள் துப்பாக்கி எடுக்க வேண்டி வந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். பின்னால் நிற்பவரோ நாள்தோறும் நிற்கிறார்.

அடுத்தது கட்டுப்பாடு. மலிவான தோளுறைகளில் பட்டிகள் தோளோடு முடிந்துவிடும். உறையின் அடிப்பகுதியை இடுப்புக் கச்சையோடு இழுத்துக் கட்டும் வார் இருக்காது. அத்தகைய உறை ஊஞ்சலாடும். குனிந்து ஒரு பொருளை எடுத்தால் முன்னால் வந்து தொங்கும். எடுக்கும்போது உறையும் கூடவே வருவதால் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். விதி கேட்கும் திறம்பட்ட கட்டுப்பாடு இதுவாக இருக்க முடியாது. அடிவார் இல்லாத தோளுறை எவ்வளவு விலைகுறைவாக இருந்தாலும் வேண்டாம். துப்பாக்கியைப் பிடித்துநிறுத்தும் கட்டைவிரல் பட்டி வேண்டும். சுத்தி வெளியே தெரியும் ரிவால்வரானால் அந்தப் பட்டி சுத்திக்கும் சட்டத்துக்கும் இடையே கிடப்பது நல்லது. அப்போது எதிலாவது பட்டுச் சுத்தி பின்னுக்கு நகர இடமிராது. விசையும் அதைச் சுற்றிய வளையமும் உறைக்குள் முழுக்க அடங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, இதை விற்பவர்கள் சொல்வதே இல்லை: தோளுறையில் பிடி முன்னோக்கியிருக்கிறது. அதாவது, நேரெதிரே கைகலப்பில் நெருங்கியவருக்குக் கைகொடுப்பதுபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் உங்கள் வலக்கையை மார்போடு சேர்த்து அழுத்திவிட்டால், துப்பாக்கி உங்களைவிட அவருக்கு எளிதில் எட்டும்.

எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் பைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் பொருந்தாது. துப்பாக்கியை எடுத்ததும் வாய் சுருங்கிப்போகும் உறை, திரும்ப வைக்கும்போது விசையில் மடியக் காத்திருக்கும் துணி. தோலாயினும் பிளாஸ்டிக்காயினும் அந்தந்தத் துப்பாக்கிக்கென வார்த்த, வாய் விரிந்தே நிற்கும் விறைப்பான உறை வேண்டும். தோல் என்றால் வியர்வையின் உப்பை உறிஞ்சும். ஆவணி மழையில் ஈரத்தை விடாது. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். உறையோடு ஆணியில் மாட்டி வைப்பவர் துருவையும் வளர்க்கிறார், வீட்டுப் பிள்ளைகளின் ஆவலையும் வளர்க்கிறார்.

ஆனால் இவை எல்லாவற்றையும் கடந்து, வட இந்தியாவில் தோளுறையைத் தோற்கடிப்பது ஆடை. தோளுறை மேலாடையை நம்பிப் பிறந்தது. மே மாதம் நாற்பத்தைந்து பாகை வெயிலில் கோட்டணிந்து நடமாட யாரால் முடியும்? ஆகவே அரசியல்வாதிகளும் ஒப்பந்ததாரர்களும் விரும்பியணியும் கையில்லாத சத்ரியை நாடுகிறார்கள். சத்ரியின் கைத்துளை எங்கே இருக்கிறதோ சரியாக அங்கேதான் தோளுறை இருக்கிறது. கையை உயர்த்தி ஒருவருக்கு வணக்கம் சொன்னால் ரிவால்வரின் பிடியும் சேர்ந்து வணக்கம் சொல்லும். இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். பனிமூட்டம் கவிந்த சனவரியில் நிலைமை மாறும்: கனத்த கோட்டு நன்றாக மறைக்கும், ஆனால் பொத்தானிட்டு, மேலே சால்வையும் போர்த்தியபின் அந்தத் துப்பாக்கி பெட்டியில் இருப்பதற்கும் அக்குளில் இருப்பதற்கும் வேறுபாடில்லை. ஆண்டில் இரண்டு மாதம், நவம்பரிலும் பிப்ரவரியிலும், மெல்லிய கோட்டுக்குப் பொருத்தமான காலம். அந்த இரண்டு மாதத்துக்காகப் பன்னிரண்டு மாதமும் ஒருவர் விதியை மீறுகிறார்.

தோளுறைக்கு உண்மையான தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நாள்முழுதும் வண்டி ஓட்டுபவர், இடுப்பெலும்பில் காயம்பட்டவர், தொந்தி காரணமாகக் கச்சையில் உறை நிற்காதவர். தரையில் சப்பணமிட்டு உண்பவருக்கும் இடுப்புறை குத்தும். குந்தி அமரும் கழிப்பறையைப் பற்றி அமெரிக்க மதிப்புரைகள் ஒருநாளும் பேசா. இடுப்புறை அணிந்தவர் கச்சையை அவிழ்த்ததும் துப்பாக்கியோடு என்ன செய்வது என்பது இங்கே நடைமுறைச் சிக்கல், அதில் தோளுறைக்கே வெற்றி. இத்தகையோர் செங்குத்து வகையை அடிவாரோடு வாங்கட்டும், மேலாடையைக் கழற்ற நேரும் இடத்துக்கு அதை அணிந்து போகாமல் இருக்கட்டும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

யாரை நினைத்து இந்த உறையைச் செய்திருக்க வேண்டுமோ அவர்களை யாரும் நினைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய மனக்குறை. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை நிர்பீக் என்ற ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று அறிவித்து வெளியிட்டது. தில்லிக் கொடுமைக்குப் பின், நிர்பயா என்ற பெயரின் எதிரொலியாக வைத்த பெயர். எடை ஏறத்தாழ 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அதை நகைப்பெட்டி போன்ற ஓர் அரக்குநிறப் பெட்டியில் வைத்து விற்றார்கள். பெண்ணுக்கான துப்பாக்கி என்றதும் பெட்டியின் நிறம் நினைவுக்கு வந்தது. அவள் அதை உடலில் எங்கே வைத்துக்கொள்வாள் என்பது நினைவுக்கு வரவில்லை. புடவையிலும் சல்வாரிலும் கச்சை இல்லை. ஆண் தோளின் அகலத்துக்கு வெட்டிய பட்டிகள் பெண்ணின் மார்பில் ஏறி நழுவும். மிஞ்சுவது கைப்பை. விதி அதை அனுமதிக்கிறது. பையைத்தான் முதலில் பறிப்பார்கள் என்பதை விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. துப்பட்டாவின் கீழோ குளிர்காலச் சால்வையின் கீழோ மறையும்படி பெண்ணுடலுக்கு அளவெடுத்துச் செய்த தோளுறை ஒன்று இருந்தால், அது இந்த வடிவத்துக்கு நேர்மையான பயனாக இருந்திருக்கும். ஆனால் விளம்பரத்தில் நிற்பது எப்போதும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான்.

ஏனெனில் விற்பனையாவது பௌகால். உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாட்டில் இருந்த 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். இந்த எண்ணிக்கையைத் தனிமனித அச்சம் என்று மட்டும் சொல்லி விளக்கிவிட முடியாது. திருமணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இந்தி நாளேடுகள் ஹர்ஷ் ஃபயரிங் என்று பெயரிட்டிருக்கின்றன. மகிழ்ச்சிச் சூடு என்று பொருள். முதற்சொல் வடமொழி, இரண்டாம் சொல் ஆங்கிலம், நடுவே ஒரு பிணம். 2016 டிசம்பரில், அதாவது 32ஆம் விதி வந்து ஐந்தே மாதத்தில், பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு திருமண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் அப்படிச் சுட்டதில் இறந்தார். 2019இல் ஆயுதச் சட்டத்தையே திருத்தி, இத்தகைய சூட்டுக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தார்கள். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் பஞ்சாப் அரசு, சமூக ஊடகம் உட்படப் பொதுவெளியில் துப்பாக்கியைக் காட்டுவதையே தடைசெய்தது.

பட்டிண்டாவில் தோளுறைக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தத் துப்பாக்கி தோளுறையிலிருந்து வரவில்லைதான். ஆனால் திருமண வீட்டுக்குத் துப்பாக்கியோடு போவது மரியாதை என்ற எண்ணமும், அது பிறர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசையும், சத்ரியின் கைத்துளை வழியே எட்டிப் பார்க்கும் பிடியில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மறைத்துவைத்த துப்பாக்கியை, எடு பார்க்கலாம் என்று மைத்துனர் எவரும் உசுப்பேற்றுவதில்லை. தெரிந்துவிட்ட துப்பாக்கியை உசுப்பேற்றாத மைத்துனர் எந்த பாராத்திலும் இல்லை.

காட்டினால்தான் எதிரி அஞ்சுவான், அச்சமே பாதுகாப்பு என்று ஒரு மறுமொழி எப்போதும் வரும். இது தற்காப்பின் தருக்கமும் ஆகாது. திருட வருபவனுக்கு, எந்தப் பக்கம், எந்த உயரத்தில், ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிப்பது அச்சுறுத்தலாகாது. உண்மையில் இந்த அச்சம் எதிரிக்காக வைத்திருப்பதும் அன்று. எதிரி எப்போதாவது வருவான். நாள்தோறும் எதிரில் வருபவர்கள் கூலி கேட்டு வரும் தொழிலாளியும், நிலத்தகராறில் எதிர்த்தரப்பில் நிற்கும் ஏழை விவசாயியும், வாடகை வீட்டைக் காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரரும்தான். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுகிறவர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்லாததை எதிரில் இருப்பவர் கேட்டுவிடுவார். எங்கள் துறையில் இதை மறைமுகப் பேச்சுச்செயல் என்போம். காவல் நிலையத்தில் இதை எந்தப் பிரிவிலும் எழுதிக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை உரிமம் வழங்கும் மாவட்ட ஆட்சியர்களிடமும் உறை விற்பவர்களிடமும். உரிமம் பெறும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம் என்று 2016 விதிகளே கூறுகின்றன. அந்தப் பயிற்சியில் விண்ணப்பதாரர் தாம் அணியப்போகும் உறையைக் கொண்டுவரட்டும். தாம் வழக்கமாக உடுத்தும் ஆடையோடு, வெற்றுத் துப்பாக்கியோடு அணியட்டும். குனியச் சொல்லுங்கள், குந்தச் சொல்லுங்கள், இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தச் சொல்லுங்கள். பிடி வெளியே தெரிந்தாலோ உறை முன்னால் ஆடினாலோ வேறு உறையோடு மறுநாள் வரச் சொல்லுங்கள். விற்பவர்கள் அந்த வெள்ளைச் சட்டைப் படத்தின்மேல் ஒரு கோட்டை வரைந்து மாட்டட்டும். அல்லது படத்தின் கீழ், இப்படி அணிந்து வெளியே செல்வது 32ஆம் விதிக்கு முரண் என்று அச்சிடட்டும். சிகரெட்டுப் பெட்டியில் அச்சிடத் தெரிந்த நாட்டுக்கு இது தெரியாமல் போகாது.